அமெரிக்காவில் டென்டல் ஹைஜீனிஸ்ட் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்யூனிட்டி காலேஜ் என்னும் உள்ளூர் இரண்டு வருஷக் கல்லூரியில் படித்து, டென்டல் ஹைஜீனிஸ்ட் வேலைக்கு வந்தவள் நான். தமிழ்ச் சங்க விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் யாராவது ஒருவர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க படிப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று ஆரம்பிப்பார்கள். மகளுக்காகக் கேட்கும் அப்பாக்கள், ஊரில் பி.டி.எஸ். முடித்துவிட்டு இங்கே வீட்டில் இருக்கும் பெண்கள், ஐ.டி. வேலை அலுத்துப்போனவர்கள் என்று பலரும் கேட்டதை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியின் விதிகளையும் உங்கள் மாநிலத்தின் விதிகளையும் நேரில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் நிறைய மாறும்.

ஹைஜீனிஸ்ட் என்றால் பல் டாக்டருக்கு உதவியாளர்தானே?

இல்லை. டாக்டர் பக்கத்தில் இருந்து கருவி எடுத்துக்கொடுப்பவர் டென்டல் அசிஸ்டென்ட். ஹைஜீனிஸ்ட்டுக்குத் தனி லைசென்ஸ், தனி அறை, தனி நோயாளிப் பட்டியல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங்குக்குப் போகிறீர்களே, அங்கே முக்கால் மணி நேரம் உங்கள் வாயைப் பார்த்தவர் ஹைஜீனிஸ்ட்தான். டாக்டர் கடைசியில் ஐந்து பத்து நிமிடம் வந்திருப்பார்.

பல்லில் கெட்டியாகப் படியும் காரையை எடுப்பது, ஈறின் ஆழத்தை (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை) அளப்பது, எக்ஸ்-ரே எடுப்பது, வாய்ப்புற்றின் அறிகுறி உண்டா என்று நாக்கின் அடிவரை பார்ப்பது, ஃப்ளோரைடும், பல்லின் குழிகளை மூடும் பூச்சான சீலன்ட்டும் போடுவது எல்லாம் ஹைஜீனிஸ்ட்டின் வேலை. பெரும்பாலான மாநிலங்களில் மரத்துப்போகும் ஊசியும் போடலாம். சொத்தையைக் குடைந்து அடைப்பது, பல் பிடுங்குவது, நோய் இன்னதென்று முடிவாகச் சொல்வது ஆகியவை டாக்டருடையவை.

இந்தத் தொழில் பிறந்தது கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில். ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் அதற்கென்று ஒரு பள்ளியே திறந்தார். அங்கே படித்து வந்த பெண்கள் ஊரிலிருந்த பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்து, எப்படித் துலக்குவது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். 1917-இல் நியூமனுக்கு லைசென்ஸ் கிடைத்தது. நோய் வந்தபின் சிகிச்சை கொடுப்பதை விட்டுவிட்டு, வராமல் தடுப்பதற்காகவே உண்டான தொழில் இது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

என்ன டிகிரி? எத்தனை வருஷம்?

குறைந்தபட்சம் அசோசியேட் டிகிரி. காகிதத்தில் இரண்டு வருஷப் படிப்பு. ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்குள் நுழைவதற்கே ஒரு வருஷத்துக்கான பாடங்களை முன்கூட்டி முடித்திருக்க வேண்டும். ஆகவே மூன்று வருஷம் என்று கணக்கு வையுங்கள். குழந்தையை வைத்துக்கொண்டு முன்பாடங்களை ஒன்றிரண்டாக எடுப்பவர்களுக்கு நான்கு வருஷம் ஆவது சாதாரணம். சில பல்கலைக்கழகங்கள் நான்கு வருஷ இளங்கலைப் படிப்பாகவே நடத்துகின்றன. இரண்டுக்கும் லைசென்ஸ் ஒன்றுதான், நோயாளி முன்னால் செய்யும் வேலையும் ஒன்றுதான்.

எந்தக் காலேஜில் வேண்டுமானாலும் சேரலாமா?

கூடாது. சுருக்கமாகக் கோடா என்று சொல்லப்படும் பல் மருத்துவக் கல்வி அங்கீகார ஆணையம் ஏற்றுக்கொண்ட படிப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் தேசியத் தேர்வு எழுதுவதும் லைசென்ஸ் வாங்குவதும் அநேகமாக நடக்காது. நாடு முழுக்க முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு இந்த அங்கீகாரம் இருக்கிறது. பட்டியல் கோடாவின் இணையதளத்திலேயே கிடைக்கும். "சீக்கிரமே அங்கீகாரம் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால், என்ன நிலையில் இருக்கிறது என்று கோடாவின் பட்டியலைப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

அலபாமா மாநிலத்தில் நீண்ட காலமாக வேறொரு வழியும் உண்டு. பல் மருத்துவரிடம் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்று லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அது பெரும்பாலும் செல்லாது. கணவனோ மனைவியோ வேலை மாறினால் ஊரையே மாற்றும் நம் குடும்பங்களுக்கு இது தோதுப்படாது.

முன்பாடங்கள் என்னென்ன? இடம் கிடைப்பது கஷ்டமா?

லேப் வகுப்போடு உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர், நுண்ணுயிரியல், வேதியியல், ஆங்கிலக் கட்டுரை, உளவியல், சமூகவியல், மேடைப்பேச்சு. கல்லூரிக்குக் கல்லூரி ஒன்றிரண்டு கூடும் குறையும். அறிவியல் பாடங்களை ஐந்து அல்லது ஏழு வருஷத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஊரில் எடுத்த மதிப்பெண்ணை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இடம் கிடைப்பது கஷ்டம்தான். கிளினிக்கில் நோயாளிக்கான நாற்காலிகளின் எண்ணிக்கையையும், நோயாளியைப் பார்க்கும் வேளையில் ஐந்தாறு மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற கணக்கையும் வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அதனால் ஒரு வகுப்பில் இருபது முப்பது பேருக்குமேல் அநேகமாக இருக்க மாட்டார்கள். பல கல்லூரிகளில் புள்ளி முறை: அறிவியல் பாடத்தில் ஏ வாங்கினால் இத்தனை, நுழைவுத் தேர்வுக்கு இத்தனை, டென்டல் ஆபீஸில் வேலை பார்த்த அனுபவத்துக்கு இத்தனை என்று கூட்டி வரிசைப்படுத்துவார்கள். புள்ளிக் கணக்கை இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். முன்பாடம் தொடங்குவதற்கு முன்பே அதைப் பாருங்கள். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் புள்ளி குறைக்கும் கல்லூரிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் "இப்போதைக்கு பி வந்தால் போதும்" என்று விட்டுவிடக் கூடாது.

ஒரு யோசனை: இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஒரே சமயத்தில் விண்ணப்பியுங்கள். முன்பாடங்களையும் அந்த எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும்படி தேர்ந்தெடுங்கள்.

உள்ளே போனபின் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? பல் கிளீனிங்குக்கு இரண்டு வருஷமா?

இதைக் கேட்காதவர்களே கிடையாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் செமஸ்டரில் உயிருள்ள நோயாளி கிடையாது. நாற்காலியில் மாட்டிய பொம்மைத் தலையிலும், அப்புறம் பக்கத்திலிருக்கும் சக மாணவியின் வாயிலும்தான் பயிற்சி. வாரக்கணக்கில் கற்பது எப்படி உட்காருவது, கருவியை எப்படிப் பிடிப்பது, மோதிர விரலை எங்கே ஊன்றுவது என்பதுதான். பேனா பிடிப்பது மாதிரி இருக்கும், ஆனால் அது இல்லை. நடுவிரலின் நுனி கருவியின் மேலேயே இருக்க வேண்டும். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்க வேண்டும். அந்த விரல் நழுவினால் கருவி ஈறைக் கிழிக்கும்.

கருவிகளுக்கு எண்கள் உண்டு. காரையைச் சுரண்டும் கிரேஸி க்யூரெட் என்ற கருவியில் 11/12 கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு, 13/14 அதே பல்லின் பின்பக்கத்துக்கு. மாற்றி எடுத்தால் கத்தியின் முனை பல்லில் சரியாகப் பதியாது. ஈறுக்குள் நுழையும்போது கத்தியைப் பல்லோடு ஒட்டிப் படுக்கவைத்து இறக்க வேண்டும். காரைக்கு அடியில் போனபின் எழுபது எண்பது டிகிரிக்குத் திருப்பி, சின்னதாக மேல்நோக்கி இழுக்க வேண்டும். சாய்வு போதாவிட்டால் காரை பெயராமல் மேலே வழவழப்பாகத் தேய்ந்துபோகும். அடுத்த தடவை விரலுக்கே தட்டுப்படாது. ஈறுக்குள் இருக்கும் காரை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் முக்கியம். எக்ஸ்ப்ளோரர் என்ற மெல்லிய கம்பி பல்லின் வேர்மேல் போகும்போது விரல் நுனியில் வரும் அதிர்வை வைத்துத்தான் அங்கே காரை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் அதிக நேரம் பிடிப்பது விரலுக்கு இந்த உணர்வு வருவதற்குத்தான். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்தாலும் இது வராது. வகுப்பில் முதல் மாணவியாக இருப்பவர் கிளினிக்கில் திணறுவதையும், தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறும் இன்னொருவருக்குக் கை அழகாகப் படிவதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது செமஸ்டரிலிருந்து கல்லூரியின் கிளினிக்கில் நிஜ நோயாளிகள். உடல்நல வரலாறு, ரத்த அழுத்தம், கழுத்திலும் தாடையிலும் நெறி கட்டியிருக்கிறதா, கன்னத்தின் உட்புறம் எப்படி என்று எல்லாம் பார்த்து எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போகலாம். ஈறின் ஆழத்தை ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளக்க வேண்டும். 28 பல் என்றால் 168 எண்கள். மூன்று மில்லிமீட்டர்வரை பயமில்லை. ஐந்து, ஆறு என்று வரிசையாக வந்து ரத்தமும் கசிந்தால், உள்ளே எலும்பு கரைந்திருக்கக்கூடும் என்று எக்ஸ்-ரேயோடு ஒப்பிட வேண்டும். ஆபீஸில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை மாணவியிடம் மூன்று மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள் வருகை என்று நீளும்.

கடைசி வருஷம் வாரத்துக்கு 12 முதல் 16 மணி நேரம் நோயாளிகளோடு. கூடவே மருந்தியல், வாய் நோயியல், ஈறு மருத்துவம், கதிரியல், மரத்துப்போகும் ஊசி, சமூகப் பல்நலம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வார இறுதியில் கொஞ்சம் முடியும், முழுநேர வேலை முடியாது.

நோயாளிகளை நாமே தேடிக் கொண்டுவர வேண்டும் என்கிறார்களே?

பல கல்லூரிகளில் ஆமாம். கல்லூரி கொஞ்சம் பேரைக் கொடுக்கும். மீதிக்கு மாணவிதான் அலைய வேண்டும். ஆள் வந்தால் போதும் என்றும் விட மாட்டார்கள். குழந்தை ஒன்று, வளரிளம் பருவத்தினர் ஒருவர், முதியவர்கள் இத்தனை பேர், சர்க்கரை நோய் போன்ற உடல்நலச் சிக்கல் உள்ளவர்கள் இத்தனை பேர், காரை கடுமையாக உள்ளவர்கள் இத்தனை பேர் என்று பட்டியல் இருக்கும். பட்டியல் நிறையாவிட்டால் பட்டம் தள்ளிப்போகும். கடைசி செமஸ்டரில் மாணவிகள் அழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாக்கள். பலருக்குக் காரை கெட்டியாகப் படிந்திருக்கும், இங்கே பல் காப்பீடும் இருக்காது. கல்லூரிக் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு. மாணவிக்குக் கடினமான நோயாளி கிடைப்பார், அவர்களுக்கு ஆசிரியர் மேற்பார்வையில் நல்ல சிகிச்சை கிடைக்கும். வெற்றிலை பாக்கு, பான் மசாலா பழக்கம் உள்ளவர்கள் என்றால் கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இங்கே பலருக்கும் சட்டென்று தோன்றாது. உங்களுக்குத் தோன்றும்.

அவர்களைக் கூட்டிவரும்போது ஒரு பயத்தைப் போக்க வேண்டியிருக்கும். "கிளீனிங் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்" என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. பல்லை ஆட வைப்பது கிளீனிங் அல்ல. அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரைதான் பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சாரம் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். எடுக்காமல் விட்டால் எலும்பு இன்னும் கரையும். இதை அமைதியாக, எக்ஸ்-ரேயைக் காட்டித் தமிழில் சொன்னால் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

ஆன்லைனிலேயே படித்துவிட முடியாதா?

முன்பாடங்கள் சிலவற்றையும் வகுப்புப் பாடங்கள் சிலவற்றையும் முடியும். கிளினிக் முடியாது. "முழுக்க ஆன்லைன்" என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஹைஜீனிஸ்ட்டுகள் இளங்கலைப் பட்டம் முடிப்பதற்கானவை.

படித்து முடித்ததும் என்னென்ன தேர்வு?

முதலில் தேசிய எழுத்துத் தேர்வு. கணினியில், ஒரே நாளில் இரண்டு பகுதியாக நடக்கும். ஒரு பகுதி நேரடிக் கேள்விகள். இன்னொன்றில் நோயாளியின் வரலாறு, எக்ஸ்-ரே, ஈறு அளவுகள் எல்லாம் கொடுத்து இவருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். தேற 75 மதிப்பெண் வேண்டும். இது சதவீதம் அல்ல, சரிசெய்யப்பட்ட அளவு.

அடுத்தது கைத்திறன் தேர்வு. முன்பெல்லாம் நிஜ நோயாளியை அழைத்துப் போக வேண்டும். அன்று அவர் வராமல் போனால் தேர்வே போச்சு. 2020-இல் கோவிட் வந்தபின் பொம்மைத் தலையில் செய்யும் தேர்வு பரவலாக ஏற்கப்பட்டது. மாணவிகளுக்கு இது பெரிய நிம்மதி. நோயாளிகளுக்கும் நியாயமானது என்று நினைக்கிறேன், ஏனென்றால் தேர்வுக்காக ஒருவருடைய காரையை எடுக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது சரியில்லை. இவை தவிர மாநிலச் சட்டம் பற்றிய சின்னத் தேர்வும், மரத்துப்போகும் ஊசிக்குத் தனி அனுமதியும் பல மாநிலங்களில் உண்டு.

செலவு எவ்வளவு ஆகும்?

கம்யூனிட்டி காலேஜில், அதே மாநிலத்தில் வசிப்பவர் என்ற கட்டணத்தில் சேர்ந்தால் மிகக் குறைவு. தனியார் கல்லூரியில் பல மடங்கு. பலர் கணக்கில் எடுக்காதது கல்விக் கட்டணத்துக்கு வெளியே இருப்பவை: கருவிப் பெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்ஸ், சீருடை, தடுப்பூசிகள், தேர்வுக் கட்டணங்கள், லைசென்ஸ் கட்டணம். இவை மட்டுமே சில ஆயிரம் டாலர் வரும். விண்ணப்பிக்கும் முன் கல்லூரியிடம் முழுச் செலவுப் பட்டியலைக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

நான் தமிழ்நாட்டில் பி.டி.எஸ். முடித்தவள். நேரடியாக ஹைஜீனிஸ்ட் ஆகலாமா?

பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. டாக்டராக இருந்தவர்களும் கோடா அங்கீகாரம் பெற்ற ஹைஜீன் படிப்பில் சேரத்தான் வேண்டும். ஃப்ளோரிடா இதில் முக்கியமான விலக்கு. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர்கள் அங்கே ஹைஜீனிஸ்ட் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. சான்றிதழ்களை மதிப்பிட்டு வாங்கி, தேர்வுகளிலும் தேற வேண்டும். இன்னும் சில மாநிலங்கள் இப்படியான வழிகளைத் திறந்துகொண்டிருக்கின்றன, ஆகவே உங்கள் மாநிலப் பல் மருத்துவ வாரியத்திடமே எழுதிக் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். உங்கள் ஆசை மறுபடியும் டாக்டராக வேண்டும் என்பதாக இருந்தால், வெளிநாட்டு டாக்டர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் இரண்டு மூன்று வருஷப் படிப்புதான் அதற்கான வழி. போட்டி அதிகம், கட்டணம் மலைக்க வைக்கும். ஹைஜீன் படிப்பு அதற்கான குறுக்குவழி அல்ல. இதில் சேர்ந்தாலும் அங்கே வருஷம் குறையாது. கிடைக்காததற்குப் பதிலாக என்று மனசில்லாமல் இதில் சேர்ந்தவர்கள் கஷ்டப்படுகிறார்கள். நோயாளியோடு நேரம் செலவழிப்பது பிடிக்கும் என்று வந்தவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

இந்தியாவில் இரண்டு வருஷ டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ படித்தவர்களும் கேட்கிறார்கள். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திலிருந்தே இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பதிவு முறை இருக்கிறது. இருந்தாலும் அந்த டிப்ளமோவை மட்டும் வைத்து இங்கே லைசென்ஸ் வாங்க முடியாது.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா) இருக்கிறேன். படிக்கலாமா?

படிக்கலாம். வேலைதான் சிக்கல். கணவர் அல்லது மனைவிக்காக அவருடைய நிறுவனம் கொடுத்த ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால் எச்-4 வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி 2015-இல் வந்தது. அது இல்லாமல் படித்து முடித்தால் லைசென்ஸை வைத்துக்கொண்டு காத்திருக்க நேரிடும். ஹைஜீனிஸ்ட் வேலைக்கு எச்-1பி கிடைப்பதும் மிகக் கடினம், ஏனென்றால் இந்த வேலைக்கு இளங்கலைப் பட்டம் கட்டாயமில்லை. சேர்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

நாற்பது வயதாகிவிட்டது. இனிமேல் சரிவருமா?

சரிவரும். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்க வந்தவர்கள் இருப்பார்கள், நோயாளியிடம் பேசுவதில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். கழுத்து, முதுகு, மணிக்கட்டு ஆகியவற்றில் பழைய வலி இருந்தால் மட்டும் சேரும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வேலை உடம்பைக் கேட்கும். நாள் முழுக்கக் குனிந்து, ஒரே மாதிரி மணிக்கட்டை அசைப்பதால் வலியோடு வேலையை விடுபவர்கள் உண்டு. நல்ல லூப்ஸ், சேணம் மாதிரியான நாற்காலி, கூராகத் தீட்டிய கருவி மூன்றும் இருந்தால் பல வருஷம் தாங்கும். கருவி மழுங்கினால் கை அழுத்தத் தொடங்கும், அங்கேதான் வலி ஆரம்பிக்கும்.

சம்பளம்?

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி நடுத்தர ஆண்டுச் சம்பளம் சுமார் 94,000 டாலர். அசோசியேட் டிகிரிக்கு இது அரிது. ஆனால் பலர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வேலை பார்க்கிறார்கள். மணிக்கணக்கில் சம்பளம், மருத்துவக் காப்பீடு தராத ஆபீஸ்களும் நிறைய. வேலைக்குச் சேரும்போது ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். முப்பது நிமிடத்தில் ஒரு வாயை ஒழுங்காகப் பார்க்க முடியாது.

அதற்குமேல் படிக்க, வளர வழி உண்டா?

உண்டு. இளங்கலை, முதுகலை முடித்தால் கல்லூரியில் கற்பிக்கலாம், பொது சுகாதாரத் துறைக்குப் போகலாம். கொலராடோவில் ஹைஜீனிஸ்ட் சொந்தமாகவே தொழில் நடத்தலாம். கலிஃபோர்னியாவில் கூடுதல் பயிற்சியும் தனி லைசென்ஸும் பெற்றவர்கள் முதியோர் இல்லங்களுக்கும் வீட்டோடு முடங்கியவர்களிடமும் நேரில் போய்ச் சிகிச்சை தருகிறார்கள்.

சரி, சேரலாமா என்று யோசிக்கிறேன். முதலில் என்ன செய்யட்டும்?

பக்கத்தில் இருக்கும் கல்லூரியின் ஹைஜீன் கிளினிக்குக்கு போன் செய்து, நோயாளியாக ஒரு கிளீனிங்குக்கு நேரம் வாங்குங்கள். மாணவி உங்களைப் பார்க்கும் அந்த மூன்று மணி நேரத்தில் அவர் எப்படி உட்காருகிறார், எத்தனை தடவை ஆசிரியரை அழைக்கிறார், எண்களை எப்படிச் சொல்கிறார் என்று எல்லாம் கவனிக்கலாம். படிப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் அவரிடமே கேளுங்கள், வாயில் கருவி இல்லாத நேரமாகப் பார்த்து. போகும்போது ஒரு சின்னக் குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பட்டியலில் இன்னும் எப்படிப்பட்ட நோயாளிகள் தேவை என்று கேட்டு, வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர்கள் யாருக்காவது அடுத்த நேரம் வாங்கிவிட்டு வாருங்கள்.